தமிழ்நாட்டு அடுப்படியின் வரலாறு

தமிழ்நாட்டு வீட்டுச் சமையல் இரண்டு பெரிய மாற்றங்களைக் கண்டிருக்கிறது. 16ஆம் நூற்றாண்டுக்குப் பின் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தபோது முதல் மாற்றம் நிகழ்ந்தது. அப்போது சட்டிக்குள் வேகும் பொருள்கள் மாறின. அடுப்பும் அம்மியும் உரலும் இருந்தபடியே இருந்தன. இரண்டாவது மாற்றம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்தது. இம்முறை அடுப்பு, அரைக்கும் கல், பாத்திரம், சமைப்பவர் நிற்கும் இடம் எல்லாம் மாறின. குழம்பும் ரசமும் இட்டலியும் பெரிதாக மாறவில்லை. இரண்டு மாற்றங்களிலும் அசையாமல் நின்றது ஒன்று: வீட்டில் சமைப்பது பெண்ணின் வேலை என்ற ஏற்பாடு.

சங்க காலத்து அட்டில்

வீட்டில் சமைக்கும் இடத்தைச் சங்க இலக்கியம் அட்டில் என்று குறிக்கிறது. நற்றிணையின் 120ஆம் பாடலில் மாங்குடி கிழார் காட்டும் மனைவி, புகை பட்ட கண்களோடு, நெற்றியில் அரும்பிய வியர்வையைச் சேலைத் தலைப்பால் துடைத்தபடி விருந்துக்குச் சமைக்கிறாள். குறுந்தொகையின் 167ஆம் பாடலில் கூடலூர் கிழார் காட்டும் இளம்பெண், தயிர் பிசைந்த கையை உடையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிக்கும் புகை கண்ணில் ஏறப் புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் சுவைத்து நன்றாயிருக்கிறது என்று சொல்ல, அவள் முகம் மெல்ல மலர்கிறது. புளிக்கரைசலும் தயிரும் தாளிப்பும் அன்றே வீட்டுச் சமையலில் இருந்ததற்கு இப்பாடல் சான்று.

எரியும் அடுப்பு குடும்பத்தின் நிலையைச் சொல்லும் அடையாளமாகவும் இருந்தது. குமணனைப் பாடிய பெருந்தலைச் சாத்தனார், சமைப்பதையே மறந்துபோன தம் வீட்டு அடுப்பில் காளான் பூத்திருப்பதாகப் புறநானூற்றின் 164ஆம் பாடலில் சொல்கிறார். பக்கங்கள் உயர்ந்த அடுப்பு என்ற வருணனையும் அதே பாடலில் வருகிறது. பாத்திரம் உட்காரக் குமிழ்கள் வைத்துக் கட்டிய மண்ணடுப்பு அப்போதே வழக்கில் இருந்தது என்று இதிலிருந்து கொள்ளலாம். சிறுபாணாற்றுப்படை காட்டும் பாணர் வீட்டு அட்டிலின் கூரை சரிந்துகிடக்கிறது. அட்டிலுக்குள் நாய் ஒன்று குட்டி போட்டிருக்கிறது. வீட்டுக்காரி குப்பையில் முளைத்த கீரையைப் பறித்து, உப்புக்கும் வழியின்றி வேகவைத்து, ஊரார் பார்க்காதபடி கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள்.

நிலத்துக்கு நிலம் உணவு வேறுபட்டது. காஞ்சியை ஆண்ட இளந்திரையன் மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, வழிநடைப் பாணனுக்கு எந்த ஊரில் என்ன கிடைக்கும் என்று வரிசையாகச் சொல்கிறது. ஆயர் குடியில் தினைச்சோறும் பாலும், புன்செய் உழவர் வீட்டில் வரகுச்சோறும் அவரையும், மருத நிலத்தில் வெண்ணெற்சோறும் கோழியும் கிடைக்கும். அந்தணர் வீட்டில் மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து வெண்ணெயில் சமைத்த மாதுளங்காயும் மாவடு ஊறுகாயும் இருக்கும். அரிசி எல்லோருக்கும் அன்றாட உணவாக இருக்கவில்லை. இந்த நிலை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது.

சங்கப் பாடல்களுக்குப் பிந்திய சிலப்பதிகாரம், ஒரு வேளைச் சமையலை அடுப்பு மூட்டுவது முதல் இலை போடுவது வரை காட்டுகிறது. மதுரைப் புறஞ்சேரியில் ஆயர்குலத்து மாதரி கொடுத்த காய்கனிகளையும் அரிசியையும் கொண்டு கண்ணகி கோவலனுக்காகச் சமைக்கிறாள். மாதரியின் மகள் ஐயை அடுப்பு மூட்டித் தருகிறாள். கண்ணகி வளைந்த அரிவாளால் காய்களை அரிகிறாள். விரல்கள் சிவக்கின்றன, முகம் வியர்க்கிறது. பிறகு தரையில் நீர் தெளித்து, குருத்து வாழையிலை விரித்து உணவு படைக்கிறாள். தரையில் அமர்ந்து அரிவது, தரையில் அமர்ந்து சமைப்பது, தரையில் இலை போட்டு உண்பது என்ற முறை தமிழ்நாட்டு வீடுகளில் ஏறத்தாழ இரண்டு தலைமுறைக்கு முன்பு வரை பரவலாக இருந்தது.

மிளகாய்க்கு முந்திய சுவை

இடைக்காலத்தில் வீட்டுச் சமையலைப் பற்றிய நேர்ச்சான்றுகள் குறைவு. கோயில் சமையலுக்கோ கல்வெட்டுகள் நிறைய உண்டு. 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் வரகுணன் காலத்து அம்பாசமுத்திரம் கல்வெட்டு, இறைவனுக்குப் படைக்க வேண்டியவற்றை அளவோடு பட்டியலிடுகிறது. அரிசி, பருப்பு, நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை ஆகியவற்றோடு காய்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி என்று கறிவகைகளும் பிரித்துச் சொல்லப்பட்டுள்ளன. கறிக்கான காயப்பொருள்கள் மிளகு, மஞ்சள், சீரகம், கடுகு, கொத்துமல்லி என்ற ஐந்து. இன்றைய அஞ்சறைப் பெட்டியில் இந்த ஐந்தும் இருக்கின்றன. அன்று இல்லாதது மிளகாய்.

காரம் முழுவதும் மிளகிலிருந்து வந்த அந்தச் சுவை, மாற்றத்தை எளிதில் ஏற்காத இரண்டு இடங்களில் இன்றும் தங்கியிருக்கிறது. ஒன்று கோயில் மடைப்பள்ளி. அழகர்கோயில் தோசையும் காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் இட்டலியும் மிளகுக் காரத்தோடுதான் செய்யப்படுகின்றன. மற்றொன்று திவசச் சமையல். பிராமண வீடுகளில் திவசத்தன்று மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், காரட், பீன்ஸ் எதுவும் அடுப்படிக்குள் வராது. வாழைக்காய், சேனை, பாகற்காய், அவரை போன்ற நாட்டுக் காய்களும் மிளகும் சீரகமும் தேங்காயும் மட்டுமே. முன்னோருக்குப் படைப்பதில், முன்னோர் அறியாத காய்களுக்கு இடமில்லை.

கடல் கடந்து வந்த பயிர்கள்

1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு போர்த்துக்கீசியக் கப்பல்கள் வழியே மிளகாய் இந்தியாவுக்கு வந்தது. மிளகு மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரச் சரிவுகளில் மரம் பற்றி வளரும் கொடி. உலகச் சந்தையில் விலைபோகும் சரக்கு. மிளகாயோ வானம் பார்த்த கரிசலிலும் வீட்டுக் கொல்லையிலும் ஒரே பருவத்தில் காய்த்துவிடும். காயவைத்தால் ஆண்டு முழுவதும் கெடாது. கூழுக்கும் கஞ்சிக்கும் தொட்டுக்கொள்ள ஏழை வீட்டில் முதன்முறையாகக் காசு செலவின்றிக் காரம் கிடைத்தது. மிளகாய் பரவியதற்கு இதுவே முதன்மைக் காரணம். இராமநாதபுரத்து முண்டு மிளகாயும் சாத்தூர், விளாத்திகுளம் வட்டாரத்து மிளகாயும் அந்தக் கரிசல், செம்மண் காடுகளின் விளைச்சல். பாக் நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலும் மிளகாய் தோட்டப் பயிராக ஊன்றியது. அவ்வூர்க் கறித்தூளின் முதல் சரக்கே வறுத்த செத்தல் மிளகாய்தான்.

மற்றப் பயிர்கள் மெதுவாக வந்தன. வேர்க்கடலை 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டில் பெரும்பயிராகி, நல்லெண்ணெயை நம்பியிருந்த வீடுகளுக்குக் கடலை எண்ணெயைக் கொடுத்தது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் உதகமண்டலத்தில் உருளைக்கிழங்கையும் ஐரோப்பியக் காய்கறிகளையும் பயிரிடச் செய்தார். மலையிலிருந்து இறங்கிய இந்தக் காய்களை 20ஆம் நூற்றாண்டிலும் மக்கள் இங்கிலீஷ் காய் என்றே சொன்னார்கள். திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மரவள்ளிக்கிழங்கைப் பரப்பினார். அப்போது அந்த அரசின் பகுதியாக இருந்த கன்னியாகுமரி வட்டாரத்தில் மீன்குழம்போடு அவித்த மரவள்ளிக்கிழங்கு அன்றாட உணவானது அதன் தொடர்ச்சி. தக்காளி கடைசியாக வந்து எல்லாச் சட்டிக்குள்ளும் நுழைந்தது. புளி மட்டுமே இருந்த ரசத்திலும் குழம்பிலும் அது பங்கு பெற்றது 20ஆம் நூற்றாண்டில்தான்.

அடுப்படியின் அமைப்பும் வேலையும்

புதுக் காய்களைப் பெற்ற அடுப்படி, பழைய அமைப்பிலேயே இயங்கியது. ஏழை வீட்டில் அது திண்ணையோரத்திலோ வாசலிலோ வைத்த மூன்று கல். வசதியான வீட்டில், தென்கிழக்கு மூலை அக்கினி மூலை என்ற மனையடி சாத்திரப்படி ஒதுக்கிய தனி அறை. தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம் கடந்து வீட்டின் பின்பகுதியில் அடுக்களை இருக்கும். அதையடுத்துக் கிணற்றடி, கொல்லை, மாட்டுக்கொட்டில். யாழ்ப்பாணத்தில் குசினியை வீட்டிலிருந்து சற்றுத் தள்ளித் தனிக் கொட்டிலாகக் கட்டுவது வழக்கம். ஓலைக்கூரை தீப்பிடிக்காமல் காக்கவும் புகை வீட்டுக்குள் சேராமல் இருக்கவும் அது உதவியது.

அடுப்பைக் கட்டுவது பெண்களே. களிமண்ணும் மணலும் வைக்கோலும் பிசைந்து, மூன்று குமிழ் வைத்து, பக்கத்தில் துளைவிட்டுக் கொடியடுப்பு ஒன்றும் சேர்ப்பார்கள். முதன்மை அடுப்பில் சோறு கொதிக்கும்போது, துளை வழியே வரும் தணலில் கொடியடுப்பில் குழம்போ பாலோ காயும். எரிபொருள் அந்தந்த வட்டாரத்தின் மிச்சம்: கரிசலில் பருத்திமார், கடலோரத்தில் தென்னை மட்டையும் பன்னாடையும், தெற்கே பனையோலை, எங்கும் சுள்ளியும் வறட்டியும். நகரத்தில் விறகுக் கடையில் எடை போட்டு வாங்கினார்கள். தீப்பெட்டி பரவுவதற்கு முன் சாம்பலுக்குள் கங்கு புதைத்து வைப்பதும், அணைந்துபோனால் பக்கத்து வீட்டில் நெருப்பு வாங்கி வருவதும் நடைமுறை. ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்று வந்து 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கிய பின் அந்தத் தேவை குறைந்தது.

புகையினால் பயனும் இருந்தது. அடுப்புக்கு மேல் கட்டிய பரணில் விதைத் தானியம் பூச்சி பிடிக்காமல் இருந்தது. கூரைக் கழிகளைச் செல் அரிக்கவில்லை. அந்தப் பயனுக்குப் பெண்களின் கண்ணும் நுரையீரலும் விலை கொடுத்தன. ஊதாங்குழலால் நாள்தோறும் ஊதியதன் விளைவு இருமலும் கண்ணெரிச்சலுமாகத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது.

சமைப்பதைவிட, சமையலுக்குப் பொருளைத் தயாராக்குவதுதான் கடுமையான வேலை. நெல்லை ஊறவைத்து, அண்டாவில் புழுக்கி, முற்றத்தில் காயவைத்து, உரலில் குத்தி, முறத்தில் புடைத்தால்தான் அரிசி. கம்பும் சோளமும் வரகும் அதைவிட அதிகக் குத்தல் கேட்டன. கொங்கு, தருமபுரி, இராமநாதபுரம் போன்ற மானாவாரிப் பகுதிகளில் கம்பங்கூழ், கேழ்வரகுக் களி, சோளச்சோறு ஆகியவையே அன்றாட உணவு. நெல்லுச்சோறு விருந்தாளி வந்தாலும் பண்டிகை வந்தாலும் மட்டும். இட்டலியும் தோசையும் தீபாவளி, பொங்கல் பலகாரம். குழம்புக்கு அம்மியில் மசாலா, மாவுக்கு ஆட்டுரல், பருப்பு உடைக்கத் திருகை. இவற்றோடு தண்ணீர் சுமப்பது, அடுப்பு மெழுகுவது, சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு பாத்திரம் துலக்குவது ஆகியவையும் சேர்ந்து நாள் முழுவதையும் எடுத்துக்கொண்டன.

ஆண்டுக்கணக்கும் உண்டு. மாசி, பங்குனியில் புளி எடுத்துக் கொட்டை நீக்கி உப்பிட்டுப் பானையில் அடைப்பது, சித்திரை வெயிலில் வற்றலும் வடகமும் அப்பளமும் போடுவது, மாவடு காலத்தில் ஊறுகாய் ஜாடிகளை நிரப்புவது என்று அந்தந்தப் பருவத்துக்கு ஒரு வேலை இருந்தது. குதிரில் தானியமும் ஜாடியில் ஊறுகாயும் இருந்த வீடு அடுத்த மழைவரை கவலையின்றி இருந்தது.

பாத்திரங்கள்

மிகப் பழைய பாத்திரம் மண்ணால் ஆனது. வைகைக் கரையில் உள்ள கீழடியிலும் தமிழ்நாட்டின் பிற அகழாய்வுகளிலும் கிடைக்கும் கருப்பு-சிவப்புப் பானை ஓடுகள், பழங்கால வீடுகளின் உண்கலங்கள் எப்படி இருந்தன என்பதைக் காட்டுகின்றன. குழம்புக்கும் மீனுக்கும் மண்சட்டி பிற்காலத்திலும் விலகவில்லை. வசதியான வீடுகளில் சோறு வடிக்க வெண்கலப் பானை, ரசத்துக்கு ஈயச்சொம்பு, புளிக்குழம்புக்கு மாக்கல்லில் கடைந்த கல்சட்டி, நீருக்குச் செம்பு, மற்றதற்குப் பித்தளை. பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும். ஆகவே உட்புறம் ஈயம் பூச வேண்டும். பூச்சு தேய்ந்த பாத்திரங்களைத் தெருவில் உலை வைத்துப் பூசித் தருவது ஈயம் பூசுபவரின் தொழில்.

உலோகப் பாத்திரம் வைத்திருப்பதுகூடச் சாதி ஆதிக்கத்துக்கு உட்பட்டிருந்தது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். அவற்றுள் ஒன்று, அவர்கள் தங்கள் வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு எதையும் பயன்படுத்தக் கூடாது என்பது. நகை, மேலாடை, குடை, செருப்பு ஆகியவற்றுக்கு விதித்த தடைகளோடு அடுப்பின் மேல் எந்தப் பாத்திரம் இருக்கலாம் என்பதும் ஒரே பட்டியலில் இடம்பெற்றது.

மலிவான உலோகம் இந்தியாவில் முதலில் உருவானது சென்னையில். கலைப்பள்ளியின் கண்காணிப்பாளராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் 1898இல் அங்கே அலுமினியப் பாத்திரங்கள் செய்யத் தொடங்கினார். 1900இல் அது தனி நிறுவனமானது. எடை குறைவு, விலை குறைவு, ஈயம் பூச வேண்டாம் என்ற காரணங்களால் அலுமினியம் எளிய வீடுகளின் பாத்திரமானது. சுதந்திரத்துக்குப் பின் எவர்சில்வர் வந்தது. துருவும் பிடிக்காது, களிம்பும் ஏறாது என்பதால் பித்தளையும் வெண்கலமும் எடைக்குப் போயின. பழைய பட்டுச்சேலை, துணிமணிகளுக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கும் வியாபாரிகள் தெருத்தெருவாக வந்தனர். ஈயம் பூசுபவர் வருவது நின்றது.

அடுப்பும் குடும்பமும்

குடும்பம் என்பதன் அளவுகோலும் அடுப்புதான். ஒரே கூரையின்கீழ் எத்தனை அடுப்பு எரிகிறது என்பதே எத்தனை குடும்பம் என்பதன் கணக்கு. செட்டிநாட்டு நகரத்தார் வீடுகள் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. மகனுக்குத் திருமணமாகிச் சில காலம் கழிந்ததும் வேறு வைத்தல் என்ற சடங்கு நடக்கும். அன்றுமுதல் அவனும் மனைவியும் ஒரு புள்ளி. அதே பெரிய வீட்டில் அவர்களுக்குத் தனி அறை, தனி அடுப்பு, தனிச் சமையல், தனிக் கணக்கு. வீடு பொதுச்சொத்து, உலை தனிச்சொத்து. 

அடுப்படிக்குள் யார் நுழையலாம் என்பதற்கும் விதிகள் இருந்தன. பிராமண வீடுகளில் மடி, பத்து, எச்சில் என்ற கட்டுப்பாடுகள். குளித்து, பிறர் தொடாத ஆடை உடுத்தியவரே அடுப்பை அணுகலாம். பல சாதிகளிலும் மாதவிலக்கு நாள்களில் பெண் அடுப்படிக்கு வெளியே இருக்க வேண்டும். இளவயதில் கணவனை இழந்த பெண்கள் கூட்டுக்குடும்பத்தில் ஊதியமற்ற சமையற்காரிகளாக வாழ்நாள் முழுவதும் இருந்தனர். எந்த வீடானாலும் சமைத்தவள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்டாள். மிஞ்சியதே அவள் பங்கு.

காப்பி, ஆலை அரிசி, ரேஷன்

20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் மூன்று புதுமைகள் அடுப்படியைத் தொட்டன. முதலாவது காப்பி. காலையில் நீராகாரமும் பழையதும் இருந்த இடத்தில் முதலில் நடுத்தர வர்க்க வீடுகளிலும் பிறகு பிற வீடுகளிலும் காப்பி அமர்ந்தது. பித்தளை பில்டர், டவரா, தம்ளர் என்று தனிப் பாத்திர வகையே உருவானது. வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி தம் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் இந்த மாற்றத்தையும் அதை ஒட்டி எழுந்த கண்டனங்களையும் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இரண்டாவது அரிசி ஆலை. உலக்கை ஓய்ந்தது, பெண்களுக்குப் பெரும் விடுதலை. கூலிக்கு நெல் குத்திப் பிழைத்த பெண்களுக்கு அதுவே வேலையிழப்பு. ஆலை அரிசியில் தவிடு முழுவதும் போய்விடுவதால் உயிர்ச்சத்தும் போனது. குன்னூரில் ஆராய்ச்சி நடத்திய ராபர்ட் மெக்கரிசன் 1920களில் இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவு மிகவும் பின்தங்கியது. வீட்டில் புழுக்கிய அரிசி இந்தக் கேட்டிலிருந்து ஓரளவு காத்தது. புழுக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடும்.

மூன்றாவது ரேஷன். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டு முறை வந்தது; அரிசிக்குப் பதிலாகக் கோதுமையும் அளக்கப்பட்டது. வீடுகள் கோதுமை உப்புமாவுக்கும் சப்பாத்திக்கும் பழகியதில் இந்தத் தட்டுப்பாட்டுக் காலத்துக்குப் பங்குண்டு. பின்னாளில் ரேஷனே அரிசியை எல்லா வீட்டுக்கும் கொண்டு சேர்த்தது. 1967இல் அண்ணாதுரை அரசு ரூபாய்க்கு ஒரு படி அரிசி கொடுக்கத் தொடங்கியது. 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும் 2011 முதல் விலையின்றியும் அரிசி வழங்கப்பட்டது. கம்பும் கேழ்வரகும் சோளமும் அடுப்பிலிருந்து இறங்கின. பண்டிகைப் பலகாரமாக இருந்த இட்டலி அன்றாடச் சிற்றுண்டியானது.

எழுத்தில் வந்த கைப்பக்குவம்

சமையல் தாயிடமிருந்து மகளுக்கும் மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் கையோடு கையாகச் சென்றது. எழுதிவைத்தவை அரண்மனைச் சமையலைப் பற்றியவை. தஞ்சை இரண்டாம் சரபோசி காலத்துச் சரபேந்திர பாகசாஸ்திரம் அப்படிப்பட்டது. வேலையின் பொருட்டுக் கணவனும் மனைவியுமாகச் சென்னைக்கும் பம்பாய்க்கும் டெல்லிக்கும் குடியேறிய வீடுகளில், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அந்த இடத்தை நிரப்பியது எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’. 1951இல் முதல் பாகம் வந்தது. மேலும் பாகங்கள் தொடர்ந்தன. கண்ணளவும் கையளவுமாக இருந்த பக்குவத்தை அளவுகளாக, வரிசையான செய்முறையாக மாற்றிய இந்நூல் மணப்பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்வரிசையில் இடம்பெற்றது. பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, இன்றும் விற்பனையில் உள்ளது. பத்திரிகைகளின் சமையல் பகுதிகளும் பின்னர் தொலைக்காட்சியும் இந்த வழியைப் பெரிதாக்கின. சாதிக்கும் வட்டாரத்துக்கும் உரியதாக இருந்த பல பக்குவங்கள் பொதுவழக்காயின.

மின்சாரமும் அரைவையும்

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் கோயம்புத்தூரில் பஞ்சாலைகளும் அவற்றையொட்டி மோட்டார், பம்புசெட் பட்டறைகளும் பெருகின. அந்தப் பட்டறை அறிவிலிருந்து கிரைண்டர் பிறந்தது. 1955இல் கோயம்புத்தூர் பி. சபாபதி ஆட்டுக்கல்லை மோட்டாரோடு இணைத்து முதல் வெட் கிரைண்டரை உருவாக்கினார். ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். கிரைண்டரில் கல் சுற்றும், குழவி நிற்கும். அரைபடும் முறை அதுவே என்பதால் மாவின் பதம் மாறவில்லை. புதுக்கருவியை வீடுகள் தயக்கமின்றி ஏற்றன. ஓட்டல்களில் தொடங்கி 1970, 80களில் நடுத்தர வீடுகளுக்கு வந்தது. கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் பின்னர் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அம்மியின் இடத்துக்கு மிக்ஸி வந்தது. 1960களில் வந்த சுமீத்தும் 1978இல் சென்னையில் தொடங்கிய பிரீத்தியும் உலர்ந்த மசாலாவையும் தேங்காயையும் அரைக்கும் வலுவுள்ள மோட்டாரோடு வந்தன. தெருமுனை மாவு மில் மிளகாய்த்தூளையும் மல்லித்தூளையும் அரைத்துக் கொடுத்தது. 1970களில் ஈரோட்டில் எழுந்த சக்தி மசாலா போன்ற நிறுவனங்கள் அதையும் பாக்கெட்டில் கொண்டுவந்தன. அம்மி கொத்துபவர் தெருவில் கூவிச் செல்வது அரிதானது; கல்யாண மேடையில் மணப்பெண் மிதிக்க மட்டும் அம்மி தேவைப்பட்டது. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையில்லாமல் வழங்கத் தொடங்கியதும், இக்கருவிகள் வசதியின் அடையாளமாக இருந்த நிலை முடிவுக்கு வந்தது.

விறகிலிருந்து எரிவாயுவுக்கு

அடுப்பைத் திருத்தும் முயற்சி கிராமத் தொழில் இயக்கத்தில் தொடங்கியது. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா அமைப்பாளராக இருந்த அகில இந்திய கிராமத் தொழில் சங்கம், புகைபோக்கி வைத்த ‘மகன் சூலா’ என்ற அடுப்பை 1940களில் வார்தாவில் உருவாக்கியது. 1980களில் மைய அரசு புகையில்லா அடுப்பை நாடெங்கும் பரப்பியது. புகைக்குழாயைத் துடைத்துப் பேணுவது, வட்டார விறகுக்கு ஏற்ப வாயை அமைப்பது ஆகியவற்றைக் கவனிக்க ஆளில்லாததால் பல அடுப்புகள் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டன.

நகரங்கள் வேறு வழியில் சென்றன. குமுட்டி அடுப்பில் கரியும், மரத்தூள் அடுப்பில் மரப்பட்டறைத் தூளும் எரிந்தன. மண்ணெண்ணெய் வந்தபின் பம்ப் ஸ்டவ்வும் திரி ஸ்டவ்வும் பரவின. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் டின்னோடு நிற்கும் வரிசை நகர வாழ்வின் பகுதியானது. ஸ்டவ் வெடித்து இளம்பெண் இறந்தாள் என்ற செய்தி அடிக்கடி நாளிதழ்களில் வந்தது. அவற்றுள் பல விபத்தல்ல, வரதட்சணைக் கொலை என்பது வெளிப்பட்டதன் பின்னணியில்தான் 1986இல் வரதட்சணை மரணம் தனிக் குற்றமாகச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

1965இல் இண்டேன் எரிவாயு விற்பனைக்கு வந்தது; 1969இல் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. நீண்ட காலம் இணைப்புக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. 2006இல் அமைந்த மாநில அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பும் இணைப்பும் கொடுத்தது. 2016இல் மைய அரசின் உஜ்வலா திட்டம் தொடர்ந்தது. இன்று தமிழ்நாட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்ட வீடுகள் புகையில்லா எரிபொருளில் சமைக்கின்றன. கிராமங்களில் பலர் சிலிண்டர் விலையைக் கருதி, வெந்நீருக்கும் நெடுநேரம் வேகும் பண்டங்களுக்கும் விறகடுப்பையும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எரிவாயு அடுப்பு சமைப்பவரை எழுந்து நிற்கவைத்தது. சிலிண்டரைவிட உயரத்தில் அடுப்பு இருக்க வேண்டும் என்பதால் சமையல் மேடை வந்தது. மேடையோடு தொட்டியும் குழாயும் வந்தன. 1961இல் அமைந்த வீட்டுவசதி வாரியத்தின் குடியிருப்புகளிலும் தனியார் அடுக்ககங்களிலும் சமையலறை பின்கட்டிலிருந்து கூடத்தை ஒட்டிய இடத்துக்கு நகர்ந்தது. அரிவாள்மணைக்குப் பதில் கத்தி, மணைப்பலகைக்குப் பதில் மேசை. 1950களின் இறுதியில் இந்தியச் சந்தைக்கு வந்த பிரஷர் குக்கர் சோறு வடிப்பதை நிறுத்தியது. வடித்த கஞ்சி உழைப்பவருக்கு உணவாகவும் மாட்டுக்குத் தீவனமாகவும் வேட்டிக்கு மொடமொடப்பாகவும் பயன்பட்ட சுழற்சி அதோடு அறுந்தது.

மாறாத பங்கீடு

புழுக்குதல், குத்துதல், புடைத்தல், அரைத்தல், விறகு பொறுக்குதல், ஈயம் பூசவைத்தல் என்ற வேலைகள் ஒவ்வொன்றாக வீட்டை விட்டு வெளியேறின. எஞ்சியிருப்பது சமைப்பதும் பரிமாறுவதும் துலக்குவதும். அந்த எச்சத்தை யார் செய்கிறார்கள் என்பதற்கு 2019ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு பதில் தருகிறது. இந்திய அளவில் ஊதியமற்ற வீட்டுவேலையில் பெண்களில் 81 சதவீதத்தினர் ஈடுபட்டனர். ஆண்களில் 26 சதவீதத்தினரே. ஈடுபட்டவர்களில் பெண்கள் ஒரு நாளுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். கருவிகள் ஒவ்வொரு வேலையின் கடுமையையும் குறைத்தன, வேலையைப் பங்கிடவில்லை. வேலைக்குப் போகும் பெண்கள் பெருகிய பிறகு பாக்கெட் மாவும் மசாலாத் தூளும் ஓட்டல் பார்சலும் நிரப்பியிருப்பது, குடும்பத்தின் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளாத அந்த நேரத்தைத்தான்.